டாக்டர் கையில் உண்டியல்!

அரசுப் பல்கலைக்கழகத்தில் சம்பளம்... பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வசூல்... சரியா, தப்பா?

உங்களால் எவ்வளவு நேரம் உட்காராமல் நிற்க முடியும்? பஸ்ஸில் அரை மணி நேரம்? ரிலீஸ் அன்னிக்கு தியேட்டர் வாசலில் ரெண்டு மணி நேரம்? சரி, 46 மணி நேரம்? உட்காரக் கூடாது, தூங்கக் கூடாது, ஆடிக்கிட்டே இருக்கணும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நாற்காலியைப் பார்க்கலாம்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் வருஷா வருஷம் பிப்ரவரியில் இதைத்தான் செய்கிறார்கள். பெயர் 'தான்'. டான்ஸ் மாரத்தானில் இருக்கிற தானேதான். நம்ம காதுக்கு அது 'தானம்' என்பதில் பாதி மாதிரி கேட்கும். கேட்பதிலும் தப்பில்லை. ஏன்னா, இந்த ஆட்டமெல்லாம் எதுக்கு? கேன்சர் வந்த குழந்தைகளுக்காக!

கல்ச்சுரல்ஸ் ஐட்டம் மாதிரி தெரிகிற இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. மாணவர்கள் உண்டியல் தூக்கினால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதே கேம்பஸில் அரசுச் சம்பளம் வாங்குகிற புரொபசரோ டாக்டரோ உண்டியல் தூக்கினால்? அதுக்கு அமெரிக்க மாநிலங்களில் சட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. சில நேரம் புதுசாகச் சட்டமே போட வேண்டியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா?

ரெண்டாயிரத்தில் ஆரம்பித்து...

1973-ல் பென் ஸ்டேட்டில் முதல் தடவை ஆடியது 39 ஜோடிகள். 30 மணி நேரம் ஆடினார்கள். கிடைத்தது 2,000 டாலர் சொச்சம். 'பரவாயில்லையே' என்று அடுத்தடுத்த வருஷமும் தொடர்ந்தார்கள். 1977-ல் இருந்து வசூல் முழுக்க 'ஃபோர் டயமண்ட்ஸ்' என்ற நிதிக்குப் போகிறது.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கிறிஸ்டோஃபர் மில்லர்டு என்ற சிறுவன் கேன்சரோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கதை எழுதினான். சூனியக்காரியிடம் மாட்டிக்கொண்ட ஒரு வீரன் தப்பிக்க வேண்டுமானால் நான்கு வைரங்களைத் தேடி எடுக்க வேண்டும். தைரியம், அறிவு, நேர்மை, பலம்... இவைதான் அந்த நான்கு. 14 வயதில் அவன் இறந்துபோனான். 1972-ல் அவனுடைய அப்பாவும் அம்மாவும் அந்தக் கதையின் பெயரிலேயே ஒரு நிதியை ஆரம்பித்தார்கள். ஹெர்ஷியில் இருக்கிற பென் ஸ்டேட் குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் கேன்சர் குழந்தைகளுக்கு இன்ஷூரன்ஸ் போக மிச்சமிருக்கிற பில்லை இந்த நிதி கட்டுகிறது. ஆராய்ச்சிக்கும் தருகிறது.

2025-ல் மாணவர்கள் சேர்த்த தொகை எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 77 லட்சம் டாலர்! நம்ம ரூபாயில் 150 கோடிக்கு மேல். கணக்கு, மேடை, பாதுகாப்பு, சாப்பாடு எல்லாத்தையும் பார்ப்பது ஸ்டூடண்ட்ஸ்தான்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் மனசைப் பிசையும். ரையான் வொயிட் என்ற பையனுக்கு ரத்தம் உறையாத நோய். அதுக்காக ஏற்றிய ரத்தப் பொருளில் இருந்தே எய்ட்ஸ் வந்துவிட்டது. 1985-ல் அவன் படித்த பள்ளி 'நீ உள்ளே வரக்கூடாது' என்று கதவைச் சாத்தியது. கோர்ட் வரைக்கும் போனார்கள். கடைசியில் வேறு ஊர், வேறு ஸ்கூல். அங்கே பசங்க கை குலுக்கி வரவேற்றார்கள். 1990 ஏப்ரலில், 18 வயதில், ரைலி குழந்தைகள் மருத்துவமனையில் அவன் உயிர் பிரிந்தது. அதே வருஷம்தான் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர வேண்டியவன். 1991-ல் அவன் நினைவாக அங்கே மாணவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். ரைலி மருத்துவமனைக்கு இதுவரை 5 கோடி டாலருக்கு மேல் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். இந்த ஐடியா அப்படியே பரவி நூற்றுக்கணக்கான கேம்பஸ்களுக்குப் போய்விட்டது.

அயோவாவில் வேற லெவல். 2017-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் புதிய குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. அதன் மேல் மாடியில் நின்று பார்த்தால் எதிரிலேயே கின்னிக் ஃபுட்பால் ஸ்டேடியம். முதல் கால் பகுதி ஆட்டம் முடிந்ததும் ஸ்டேடியத்தில் இருக்கிற சுமார் 70,000 பேரும் எழுந்து, ஆட்டத்தை மறந்து, மருத்துவமனை ஜன்னலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். ஆட்டக்காரர்கள், கோச், அம்பயர் எல்லோரும்தான். மேலே டிரிப்ஸ் ஸ்டாண்டோடு நிற்கிற வாண்டுகள் பதிலுக்குக் கையாட்டும்! இந்தக் கையசைப்புக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனா அந்த மருத்துவமனையை ஊரே 'நம்முது' என்று நினைக்க இதைவிட வேறு என்ன வேணும்?

மாணவன் ஓகே... மாஸ்டர்?

இப்போ விஷயத்துக்கு வருவோம். மாணவன் அரசு ஊழியர் இல்லை. அவன் தன்னுடைய நேரத்தில், தன்னுடைய ஆசையில் வசூல் பண்ணுகிறான். அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர் அப்படியில்லை. அவருடைய நேரம், அவர் மேஜைமேல் இருக்கிற போன், கம்ப்யூட்டர், லெட்டர் பேடு எல்லாமே மக்கள் வரிப்பணம்.

வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களின் நேர்மை பற்றி அங்கே ஒரு சட்டம் 1994-ல் நிறைவேறி, 1995 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அது சொல்வது இதுதான்: அரசு ஊழியர் தன் கட்டுப்பாட்டில் இருக்கிற ஆளையோ பணத்தையோ பொருளையோ தன்னுடைய தனிப்பட்ட லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'இன்னொருவர்' லாபத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள்.

'இன்னொருவர்' என்றால் யார்? கம்பெனி முதலாளி மட்டுமா? இல்லை. வெளி அமைப்பு ஒன்றுக்காக அரசு வசதிகளை வைத்து ஆதரவு திரட்டுவதோ நிதி கேட்பதோ கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதி. அந்த வெளி அமைப்புகளின் பட்டியலில் தனியார் நிறுவனம், அரசியல் கட்சி ஆகியவற்றோடு லாப நோக்கமில்லாத அமைப்பும் இருக்கிறது. அதாவது, நல்ல காரியமா இருந்தாலும் நோ! ஆனா ஒரு வாசல் உண்டு. சட்டமே அனுமதித்தால் செய்யலாம், அல்லது துறைத் தலைவர் அனுமதி கொடுத்தால் செய்யலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோணலாம். யோசித்துப் பாருங்கள். உங்க ஹெச்.ஓ.டி. நோட்டீஸ் போர்டு பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்து, "நல்ல காரியம்ப்பா, விருப்பம் இருக்கிறவங்க போடலாம்" என்கிறார். இன்டர்னல் மார்க் அவர் கையில். நீங்க போடாமல் இருப்பீங்களா? வாய் 'விருப்பம்' என்கிறது. மனசு 'அரியர்' என்கிறது! இதுதான் விஷயம். அதிகாரத்தில் இருக்கிறவர் கேட்டால் அது வெறும் வேண்டுகோள் இல்லை.

அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்தது. ஆளாளுக்கு உண்டியலோடு மேஜை மேஜையாக வந்தார்கள். அதை ஒழுங்குபடுத்த 1961-ல் ஜனாதிபதி கென்னடி ஓர் உத்தரவு போட்டார். பிறகு எல்லா அறக்கட்டளைகளுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே ஒரு வசூல் இயக்கம் என்று வந்தது. தனிப்பட்ட முறையில் ஓர் ஊழியர் நல்ல காரியத்துக்கு நிதி கேட்கலாம். ஆனால் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் கேட்கக் கூடாது. தன் பதவியின் பெயரை அதில் இழுக்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்றைக்கும் இதுதான் விதி.

ஒரே டாக்டர், ரெண்டு அட்டென்டன்ஸ்!

'சரி, பல்கலைக்கழக ஆஸ்பத்திரிதானே? அது எப்படி வெளி அமைப்பாகும்?' என்று கேட்கிறீர்களா? சிக்கலே இங்கேதான்.

நம்ம ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அரசு மருத்துவமனை கூடவே இருக்கும். ரெண்டும் ஒரே அரசாங்கம். அங்கே பல இடங்களில் அப்படி இல்லை. மருத்துவக் கல்லூரி மாநில அரசுடையது. பாடம் நடக்கிற ஆஸ்பத்திரியோ தனியாக இயங்குகிற, லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம். ரெண்டுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். அதைத்தான் 'இணைப்பு மருத்துவமனை' என்கிறார்கள்.

சியாட்டிலில் பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. அதன் மருத்துவப் பேராசிரியர்கள் குழந்தைகளைப் பார்ப்பது சியாட்டில் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையில். அது தனி நிறுவனம். கேன்சர் பார்ப்பது ஃப்ரெட் ஹட்ச் மையத்தில். அதுவும் தனி. விபத்து கேஸ் என்றால் ஹார்பர்வியூ. அதை நடத்துவது பல்கலைக்கழகம், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கிங் கவுன்ட்டி என்ற மாவட்ட நிர்வாகம்! தலை சுத்துதா?

சில மாநிலங்களில் ஒன்றாக இருந்ததையே பிரித்தார்கள். விஸ்கான்சினில் பல்கலைக்கழக மருத்துவமனை 1996-ல் தனி அமைப்பானது. கன்சாஸில் 1998-ல். இண்டியானாவில் நாம் மேலே பார்த்த ரைலி மருத்துவமனை 1997-ல் வேறு மருத்துவமனைகளோடு சேர்ந்து ஒரு தனி நிறுவனத்துக்குள் போனது. அதன் இன்றைய பெயர் 'இண்டியானா யுனிவர்சிட்டி ஹெல்த்'. பெயரில் யுனிவர்சிட்டி இருக்கிறது, நிர்வாகம் மட்டும் தனி! ஒரு ஸ்கேன் மெஷின் வாங்க அரசாங்க டெண்டர், ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்க அரசாங்க விதி என்று இருந்தால் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியோடு போட்டி போட முடியாது என்பதுதான் இப்படிப் பிரித்ததற்கு முக்கிய காரணம்.

இப்போ அந்த டாக்டரின் நிலைமையை யோசியுங்கள். காலையில் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அப்போ அரசு ஊழியர். பதினோரு மணிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ். குழந்தைகளுக்குப் புதுசா ஒரு வார்டு கட்ட வேண்டும் என்று தெரிந்தவர் அவர்தான். எந்தக் கருவி இல்லாததால் எந்தக் குழந்தை வேறு ஊருக்குப் போனது என்று தெரிந்தவரும் அவர்தான். ஒரு பணக்காரர் அவரிடமே வந்து, "டாக்டர், இந்த ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார். பதில் சொன்னால், அரசு நேரத்தில் தனியார் அமைப்புக்கு வசூல் பண்ணினார் என்று ஆகிவிடுமா? சொல்லாவிட்டால் வார்டு எப்போ வரும்?

இந்த இக்கட்டை அவிழ்க்கத்தான் மாநில சட்டசபைகளுக்கு இந்த மாதிரி மசோதாக்கள் வருகின்றன. 'பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனைக்காக நிதி திரட்டுவதும் அந்த ஊழியரின் வேலையில் ஒரு பகுதிதான்' என்று சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் பயம் இல்லாமல் பேசலாம்.

ஆதரவாகப் பேசுகிறவர்களின் வாதம் வலுவானது. அந்த ஆஸ்பத்திரியில்தான் மாணவர்கள் டாக்டராகிறார்கள். அங்கே ஒரு கட்டில் கூடினால் பல்கலைக்கழகத்துக்கும் லாபம். பல்கலைக்கழகத்துக்காக வசூல் பண்ணினால் சரி, அதே பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கிற ஆஸ்பத்திரிக்கு வசூல் பண்ணினால் தப்பு என்பதில் என்ன நியாயம்? நன்கொடை திரட்டுவதும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் புதுசில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 1891-லேயே தனி அறக்கட்டளை ஆரம்பித்துவிட்டார்கள்!

நோயாளி மனசுல என்ன ஓடும்?

இனி நாணயத்தைத் திருப்பிப் போடுவோம்.

உங்க அம்மாவுக்கு ஆபரேஷன். பார்த்தவர் பெரிய டாக்டர். நல்லபடியா முடிந்தது. அடுத்த மாசம் செக்கப்புக்குப் போறீங்க. பிரஷர் பார்த்து, ரிப்போர்ட் படித்து, "எல்லாம் நார்மல்" என்று சிரித்துவிட்டு, "எங்க புது பிளாக்குக்கு நிதி சேர்க்கிறோம்..." என்று இழுக்கிறார். நீங்க என்ன சொல்வீங்க? 'முடியாது'ன்னு சொல்ல நாக்கு எழுமா? அடுத்த தடவை வந்தால் பழைய மாதிரி பார்ப்பாரா என்று ஒரு நிமிஷமாவது தோணாதா? தர முடியாதவர்கள் அடுத்த செக்கப்புக்கே வராமல் போய்விட்டால்?

நன்றியோடு இருக்கிற நோயாளிகளிடம் நன்கொடை கேட்பதுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவே இருக்கிறது. அட்மிட் ஆனவர்களில் யார் வசதியானவர், வீடு எங்கே, அதன் மதிப்பு என்ன என்று பொதுப் பதிவுகளில் தேடிப் பார்க்கிற பழக்கம் பல இடங்களில் இருப்பதை 2019-ல் 'நியூயார்க் டைம்ஸ்' விரிவாக எழுதியது. படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுக்கையில் கிடக்கிறவனின் பல்ஸை ஒருத்தர் பார்க்க, பர்ஸை இன்னொருத்தர் பார்த்தால்?

இது சட்டவிரோதமா என்றால், இல்லை. நோயாளியின் ரகசியம் காக்கிற மத்திய அரசு விதிகள் 2013-ல் திருத்தப்பட்டன. அதன்படி பெயர், முகவரி, வயது, சிகிச்சை எடுத்த தேதி, எந்தத் துறை, எந்த டாக்டர், சிகிச்சையின் பலன், இன்ஷூரன்ஸ் உண்டா என்கிற விவரங்களை ஆஸ்பத்திரி தன் நிதி திரட்டலுக்குப் பயன்படுத்தலாம். அதுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால், என்ன நோய் என்ற விவரத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தடவை நன்கொடை கேட்கும்போதும் 'இனிமேல் என்னைக் கேட்காதீங்க' என்று சொல்லிவிட நோயாளிக்குச் சுலபமான வழி தர வேண்டும். நோயாளி மறுத்தார் என்பதற்காக வைத்தியத்தில் கை வைக்கக் கூடாது.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தாலும் டாக்டர்களின் சங்கமே ஒரு படி மேலே போய் கோடு போட்டிருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைப்படி, டாக்டர் தன்னுடைய நோயாளியிடம் நேரடியாக நன்கொடை கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அதுவும் வைத்தியம் பார்க்கிற நேரத்தில் கண்டிப்பாகக் கூடாது. நோயாளியே பேச்சை எடுத்தால், அதுக்கென்று இருக்கிற ஆட்களிடம் அனுப்பிவைக்கலாம். 'நீங்க கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வைத்தியம் ஒண்ணுதான்' என்பதை அவருக்குப் புரிய வைக்க வேண்டும்.

நடைமுறை எப்படி? பெரிய கேன்சர் மையங்களின் டாக்டர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் சுமார் மூன்றில் ஒருவர், நோயாளிகளிடம் நேரடியாக நன்கொடை கேட்கச் சொல்லி தங்களை நிர்வாகம் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். பொதுமக்களிடம் கேட்டு 2020-ல் வெளியான இன்னோர் ஆய்வில் பெரும்பாலானவர்கள், டாக்டர் பணப் பேச்சு பேசினால் நோயாளி-டாக்டர் உறவு கெடும் என்றார்கள்.

அந்த மறுத்த பாதிப் பேரை யோசித்துப் பாருங்கள். 'நிதி திரட்டலாம்' என்று சட்டம் அனுமதித்தபின், 'ஏன் நீங்க திரட்டலை?' என்று டீன் கேட்டால்? இன்றைக்கு 'முடியும்' என்பது நாளைக்கு 'முடிச்சே ஆகணும்' என்று மாற எவ்வளவு நாள் ஆகும்? புரமோஷன் பட்டியலில் இதுவும் ஒரு காலம் ஆகிவிட்டால்?

போர்டில் யார் பேர்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய பணம் வந்தால் பெரிய போர்டும் வரும்.

சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனை நகராட்சிக்குச் சொந்தம். வைத்தியம் பார்ப்பவர்கள் மாநில அரசின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டாக்டர்கள். ஏழைபாழைகளுக்கு அதுதான் கதி. 2015-ல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்கும் அவர் மனைவி பிரிசில்லா சானும் 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். பிரிசில்லா அதே ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவப் பயிற்சி எடுத்தவர். பாசத்தோடு கொடுத்த பணம்தான். ஆஸ்பத்திரியின் பெயரில் ஸக்கர்பெர்க் சேர்ந்தது.

பிறகு ஃபேஸ்புக் மீது தகவல் திருட்டுப் புகார்கள் கிளம்பின. அங்கே வேலை பார்த்த நர்ஸ்களில் சிலரே பெயரை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். 2020 டிசம்பரில் நகர மன்றமே அந்தப் பெயர் வைத்ததைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் பெயர் போகவில்லை. பணத்தால் நோயாளிகளுக்குக் கிடைத்த வசதியும் நிஜம், மக்கள் ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு கோடீஸ்வரர் பெயர் ஏறியதும் நிஜம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

'தடை போடு' என்பது சுலபம். 'திறந்துவிடு' என்பதும் சுலபம். இந்த மாதிரி சட்டம் எங்கே வந்தாலும் அதில் இந்த ஐந்து விஷயங்கள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

1. எந்த ஆஸ்பத்திரிக்கு? 'இணைந்த' என்ற ஒற்றை வார்த்தை போதாது. ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, மாணவர்கள் பயிற்சி பெறுகிற ஆஸ்பத்திரி என்று சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தெருவுக்கு நாலு ஆஸ்பத்திரி 'நாங்களும் இணைந்துட்டோம்' என்று வரும்.

2. யாரிடம் கேட்கக் கூடாது? தன் நோயாளியிடம், தன் மாணவரிடம், தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் கேட்கக் கூடாது. இந்த மூன்று பேருக்கும் 'இல்லை' என்று சொல்கிற சுதந்திரம் பாதிதான்.

3. மறுக்கிற ஊழியருக்குப் பாதுகாப்பு. வசூலுக்கு வராத டாக்டரின் சம்பளத்தையோ பதவி உயர்வையோ தொடக் கூடாது.

4. கமிஷன் கிடையாது. எவ்வளவு வசூல் செய்தாலும் செய்தவருக்குத் தனியாக ஒரு பைசா வரக் கூடாது.

5. கணக்கு. எவ்வளவு வந்தது, யார் தந்தது, எங்கே போனது? ஊருக்கே தெரிய வேண்டும்.

முதல் நான்கும் காகிதத்தில் எழுதிவிடலாம். ஐந்தாவதை வருஷா வருஷம் செய்துகாட்ட வேண்டும். அதில் அந்த 46 மணி நேர மாணவர்களிடம் பாடம் படிக்கலாம். ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கால் வீங்கிப்போய் நிற்கிற அவர்கள் மேடையில் ஒவ்வொரு எண்ணாக அட்டையில் தூக்கிக் காட்டுகிறார்கள். கோடியும் லட்சமும் மட்டுமில்லை, கடைசியில் இருக்கிற சென்ட் வரைக்கும்! ஸ்டேடியமே பார்க்கிறது. வீட்டிலிருந்து ஒரு டாலர் அனுப்பியவரும் பார்க்கிறார்.

அவர்களும் வழியில் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். முன்பெல்லாம் வார இறுதிகளில் மாணவர்கள் கார்களில் வெளியூர் போய், சிக்னலில் டப்பாவோடு நின்று வசூலிப்பார்கள். 2015-ல் அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மாணவி சாலை விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகு அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, ஆன்லைனிலும் வேறு வழிகளிலும் நிதி திரட்டத் திரும்பினார்கள். காரணம் நல்லதா இருந்தா போதாது, வழியும் நல்லதா இருக்கணும். இல்லையா?

ஸோ, ஃப்ரெண்ட்ஸ்... மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிற ஐடியா உள்ளவர்கள் இதை மனசில் வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் டீச்சிங் அசிஸ்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தால் நீங்களும் சம்பளப் பட்டியலில் வந்துவிடுவீர்கள். டான்ஸ் மாரத்தானில் மாணவராக ஆடி வசூல் பண்ணுவது வேறு. உங்க டுடோரியலுக்கு வருகிற ஜூனியர்களிடம், டிபார்ட்மென்ட் இ-மெயிலில் நன்கொடை கேட்பது வேறு. முதலாவதுக்குக் கைதட்டு கிடைக்கும். ரெண்டாவதுக்கு ஆபீஸில் இருந்து அழைப்பு வரலாம்!

இங்கேயே இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை கிளாஸில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு கலெக்ஷன் பண்ணும்போது, நோட்டில் பேர் எழுதி யார் எவ்வளவு போட்டாங்க என்று கிளாஸ் முழுக்க சுற்றில் விடாதீங்க. மூடிய டப்பா ஒன்று வையுங்கள். பத்து ரூபாய் போட்டவனும் நூறு ரூபாய் போட்டவனும் ஒண்ணும் போட முடியாதவனும் ஒரே மாதிரி தலை நிமிர்ந்து வெளியே போகட்டும். மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் போர்டில் பெரிசா எழுதுங்கள்.

கடைசி ரூபாய் வரைக்கும்!